விரல் போன போக்கில்

தண்ணீர்த் தொட்டியை இரண்டு தடவை சுற்றி வந்தேன் என்று அவள் சொன்னபோது அவன் விரல் நுனியில் ஏதோ ஊர்ந்தது.

தினமும் நடக்கிற விசாரணைதான் அது. சாயங்காலம் வண்டியைச் சந்தில் நிறுத்திவிட்டு, முகம்கூடக் கழுவாமல் அவன் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, காலையிலிருந்து எந்தத் தெரு, எந்தத் திருப்பம், யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று அவள் ஒப்பிக்க வேண்டும். வருஷக்கணக்காக அந்த டாக்ஸியை ஓட்டியவன் அவன். ஊரிலிருக்கிற குண்டும் குழியும் அவன் முதுகெலும்புக்கு மனப்பாடம். பொய் சொன்னால் ஏதாவது ஒரு முனையில் மாட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் பொய்யே சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரம்.

“எதுக்கு ரெண்டு தடவ?”

“தெரியலீங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிச்சேன், அது தானா திரும்பிக்கிட்டே போச்சு. பின்னாடி இருந்த அம்மா, ஏம்மா செக்குமாடு மாதிரி சுத்துறன்னு கேட்டாங்க.”

போய் முகம் கழுவு என்றான் அவன். அவள் கொல்லைப் பக்கம் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தான். மத்தியானம் பொழுது போகாமல், திரையில் இருந்த நீல வட்டத்தைச் சுற்றி இரண்டு தடவை கோடு இழுத்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

ஜாக்கி நழுவி வண்டி இடுப்பில் இறங்கிய நாளிலிருந்து அவன் கட்டிலோடு கட்டில். இடது கால் செத்த கால். சுவரோரம் சாய்த்துவைத்த ஊன்றுகோலை எடுத்தால் கழிவறைவரை போகலாம், அதற்கே மூச்சு வாங்கும். இனி வண்டியை விற்பதா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவன் ஸ்பானர் என்று ஊரே கூப்பிடுகிற மெக்கானிக். பழைய போன் ஒன்றை, மூலையில் கண்ணாடி கீறியிருந்ததை, பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவனிடம் கொடுத்தவனும் ஸ்பானர்தான். விளையாட்டு அதிலேயே இருந்தது.

வெள்ளைத்தாள் மாதிரி ஒரு திரை. பென்சிலில் கிறுக்கியதுபோல் தெருக்கள், சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு கூரைக்கும் ஒரு நிறம். ஒரே ஒரு மஞ்சள் டாக்ஸி. தெருவோரத்தில் கை தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கிற குட்டி மனிதர்கள். டாக்ஸிமேல் விரலை வைத்துக் கோடு இழுத்தால் அது கோட்டின் மேலேயே போகும். கை தூக்கியவனை ஏற்றி, அவன் சட்டை நிறத்தில் கூரை இருக்கிற வீட்டில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் விரலை எடுத்தால் எடுத்ததுதான். போட்ட கோட்டை வண்டி ஓடி முடிக்கும்வரை அழிக்க முடியாது.

மறுநாள் அவன் சோதித்துப் பார்த்தான். ஸ்டாண்டு மரத்தடியில் வண்டியைப் போட்டு அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரம் அவனுக்குத் தெரியும். மஞ்சள் டாக்ஸி ஒரு பச்சைப் பொட்டுக்குக் கீழே நின்றது. விரலை வைத்து, அங்கிருந்து நீளமாக, கோணல்மாணலாக, திரையின் அடிவரைக்கும் ஒரு கோடு இழுத்தான். சாயங்காலம் தூக்கு திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது. அவள் சோர்ந்து சுவரில் சாய்ந்து, எங்கெங்கோ போனேன், நிறுத்தவே முடியவில்லை, ஒதுங்கக்கூட இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அவன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். போர்வைக்குள் சிரிப்பில் வயிறு குலுங்கியது.

ஸ்டியரிங் திரும்பவும் கைக்கு வந்துவிட்டது. அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் படுத்தபடியே வண்டி ஓட்டினான். வெயில் ஏறுகிற நேரத்தில் அவளை நிழலில்லாத சாலையில் அனுப்பினான். அவளுடைய அக்கா வீட்டு வாசல் வழியாக, நிற்காமல், போகவும் வரவும் ஓட்டினான். ஸ்பானர் கடை இருக்கும் தெருவுக்கு மட்டும் கோடு போனதே இல்லை. அந்த முனை வந்ததும் விரல் தானாக மறுபக்கம் வளைந்துகொள்ளும்.

ஸ்பானர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டான். அண்ணி கடைப்பக்கம் எட்டிப்பார்த்து நாளாச்சு, பிரேக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது, ஒருநாள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது என்றான். வழி தெரியலையோ என்னவோ என்றான் இவன், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

ஸ்பானர் எட்டிப் பார்த்தான். “பொண்டாட்டி ரோட்டுல ஓட்டுறா, புருஷன் கட்டில்ல ஓட்டுறான். நல்ல குடும்பம்ணே.”

ஜன்னல் கட்டையில் கிடந்த துருப்பிடித்த பிடியை எடுத்து உருட்டிப் பார்த்தான் ஸ்பானர். வண்டியின் பின்கதவு உட்புறப் பிடி அது. வாடகை கொடுக்காமல் இறங்கி ஓடுகிறவர்களுக்காக இவன் கழற்றிப் போட்டது. மறுபக்கக் கதவுக்கு இவன் எப்போதோ கம்பி கட்டிவிட்டான். பின்னால் ஏறியவரை டிரைவர் இறங்கி வந்து, வெளியிலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டு.

“இதையாவது மாட்டிடவாண்ணே? அண்ணி ஒவ்வொரு தடவையும் மழையில இறங்குறாங்க.”

“கிடக்கட்டும்” என்றான்.

சாம்பல் நிற ஆளை அவன் பார்த்தது அந்த வாரத்தில்தான். பென்சில் தெருக்கள் முடிந்து, அதற்கு மேல் வெறும் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், கோடே இல்லாத நடுவெளியில் அது நின்றது. மற்றவர்களுக்குச் சட்டைக்கு மட்டும்தான் நிறம். இதற்குத் தலையிலிருந்து கால்வரை பீடிச் சாம்பலின் நிறம். மற்றவர்கள் கையை ஆட்டுவார்கள். இது ஆட்டவில்லை. கை மேலே இருந்தது, அவ்வளவுதான். ரொம்ப நாளாக மேலேயே இருந்த கை மாதிரி.

வேறு யாராக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டார்கள். அங்கே ஏது தெரு என்று பார்த்திருப்பார்கள். இவன் கண்ணுக்குக் கை மட்டும்தான் தெரிந்தது. கை தூக்கினவனை விட்டுட்டுப் போறவன் டிரைவரே இல்ல, இது அவன் வாய்ப்பாடு. அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்த ஒரே தொழில் பாடமும் அதுதான். யாரோ குடிகாரனை ஏற்றாமல் வந்துவிட்டாள் என்று ஒருநாள் அவள்மேல் ஊன்றுகோலை வீசியிருக்கிறான். பழகிய விரல் யோசிக்கும் முன்னே நகர்ந்தது. தெரு முடிந்த இடத்தையும் தாண்டி வெள்ளைக்குள் கோடு போயிற்று. மஞ்சள் டாக்ஸி அதன் மேலேயே ஏறிப்போய் நின்றது. சாம்பல் ஆள் உள்ளே போனதும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கினாற்போல் இருந்தது. இதற்கு முன் அது அமுங்கி அவன் பார்த்ததில்லை.

சாம்பல் கூரை எங்கே என்று தேடினான். சிவப்பு, பச்சை, ஊதா. சாம்பல் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே வண்டி சந்துக்குள் வந்தது. பிரேக்கின் கிறீச்சு. எஞ்சின் அணைந்தது. முன்கதவு திறக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் திறந்தது, அவள் செருப்பு வண்டியைச் சுற்றி வந்தது, பின்கதவு திறந்தது. அதன்பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஒருவர் இறங்குவதற்கு வேண்டிய நேரம், ஒரு கிழவர் மூட்டைமுடிச்சோடு இறங்குவதற்கு வேண்டிய நேரம், அதற்கும் மேல். பிறகு பின்கதவு சாத்துகிற சத்தம்.

அவள் கட்டிலருகே வரவில்லை. வாசல் பக்கச் சுவரை ஒட்டி நின்றாள்.

“ஒருத்தர் ஏறியிருக்காருங்க.”

“ஏறினாரு, இறங்கினாருன்னு சொல்லு.”

“இறங்கல.”

தார் முடிந்து, மண் முடிந்து, அதற்கும் அப்பால் வண்டி போயிற்றாம். அங்கே ஒரு கை தூக்கியிருந்ததாம். நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள் என்று நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்துவிட்டாளாம். ஏறியதை அவள் பார்க்கவில்லை. சீட்டு அமுங்கியதைத்தான் பார்த்தாள். எங்க போகணும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் காலி சீட்டு, ஆனால் நடுவில் பள்ளம். தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாடை. அந்த வாடை அவள் புடவையோடு வீட்டுக்குள் வந்திருந்தது. அவன் மூக்குக்கும் எட்டியது.

வண்டிக் கதவைத் திறந்துபோட்டு வை, காற்றில் போய்விடும் என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

“காத்துல போகாதுங்க. ஏத்தினா இறக்கி விடணும். இடம் தெரியாம எங்க இறக்குவேன்?”

காலையில் அவள் சாவியை அவன் கட்டிலில் வைத்தாள். போகமாட்டேன் என்று அவள் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே வண்டி நின்றது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஆள் இருக்கிற வண்டி எப்படி நிற்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அது வீட்டு வாசலில் நிற்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. எங்கேயாவது போகட்டும். அவளோடு போகட்டும்.

“வண்டி நின்னா அடுப்பு நிக்கும்” என்றான். “கிளம்பு.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் வானம் மூடிக்கொண்டது. பகலிலேயே அறை சாயங்காலம்போல் ஆயிற்று. தகரக் கூரையில் முதலில் ஒன்றிரண்டு சொட்டு, பிறகு கைநிறையக் கல்லை அள்ளி வீசுகிற மாதிரி மழை. கொல்லைக் கதவு அடித்துக்கொண்டது. ஈரமண் வாடையும் கட்டிலில் தன் வேர்வை வாடையும் கலந்து வர, அவற்றுக்கு அடியில் நேற்று அவள் விட்டுப்போன அந்த அணைந்த அடுப்பு வாடை போகாமல் தங்கியிருக்க, அவன் போனை நெஞ்சுமேல் நிறுத்தி விளையாட்டைத் திறந்தான். தெருவோரத்தில் ஒருத்தரும் இல்லை. கை தூக்குகிறவர்கள் யாருமே இல்லை. மஞ்சள் டாக்ஸி மட்டும் நடுத்தெருவில், உள்ளே ஒரு சாம்பல் புள்ளியோடு, அவன் விரலுக்குக் காத்திருந்தது.

சிவப்புக் கூரைக்கு இழுத்தான். வண்டி போய் நின்றது. புள்ளி இறங்கவில்லை. பச்சைக்கு இழுத்தான். ஊதாவுக்கு. இறங்கவில்லை.

போன் அடித்தது. அவள்தான். பேச்சை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரும்பவும் விளையாட்டுக்கு வந்தான். மழையும் எஞ்சினும் அவள் மூச்சும் ஒன்றாகக் கேட்டன.

“ஏங்க. ஒவ்வொரு வீடா போய் நிக்குதுங்க. இறங்கிக் கதவைத் திறக்கிறேன், யாரும் வரல. இப்ப என் பின்கழுத்துல மூச்சு விடுது. வீட்டுக்கு வந்துடட்டுமா?”

“இரு.”

“முன்னாடி சாய்ஞ்சு உக்காந்திருக்குங்க.”

“இருன்னு சொல்றேன்ல.”

அப்போதுதான் அது முளைத்தது. திரையின் கீழ் மூலையில், கண்ணாடிக் கீறலுக்குப் பக்கத்தில். ஒரு சந்து, சந்து முனையில் குழாய், குழாயைத் தாண்டி ஒரு சின்ன வீடு. சாம்பல் கூரை. தகரத்தின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. ஒற்றை ஜன்னல். ஜன்னல் கட்டையில் ஏதோ ஒரு துளி, ஒரு துரு நிறப் புள்ளி.

அவன் தலையைத் திருப்பி ஜன்னல் கட்டையைப் பார்த்தான். பிடி அங்கேயே கிடந்தது.

டாக்ஸிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். சின்னக் கோடு போதும். இறங்க வேண்டியது இறங்கிவிடும். அவள் தப்பிப்பாள். விரலை வண்டிமேல் வைத்தான். இழுத்தான். சந்துக்குள் கோடு நுழைந்தது. குழாயை நெருங்கியது. அது இங்கேதான் இறங்கும். இந்த வாசலில். இந்த அறைக்குள். எழுந்து ஓட முடியாத ஆள் இங்கே ஒருத்தன்தான்.

விரல் அங்கேயே நின்றது. ஈரமாகிக் கண்ணாடியில் வழுக்கியது.

“வந்துட்டேன்” என்றாள் போனில். அவள் குரலில் அழுகையும் சிரிப்பும். “நம்ம சந்துக்குள்ள வந்துட்டேங்க. வீடு தெரியுது.”

விரலை நகர்த்தினான். வீட்டைத் தொடாமல். வாசலை ஒட்டி. தாண்டி. சந்தின் மறுமுனை வழியாக, பெரிய சாலையில் ஏற்றி, கடைசித் தெருவுக்கும் அப்பால், கோடே இல்லாத வெள்ளைக்குள், திரையின் ஓரம்வரை. ஓரத்தையும் தாண்டி விரல் கட்டில் சட்டத்தில் இடித்தது. அங்கேதான் எடுத்தான்.

“ஏங்க, நிக்கல. பிரேக்கை மிதிக்கிறேன், நிக்கல.”

இரும்போடு இரும்பு. சந்து முழுக்க அந்தக் கிறீச்சு. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் நிறம் மெதுவாக, மிகவும் மெதுவாக, கடந்து போயிற்று. ஓட்டுகிற இடத்தில் அவள் முகம். மழைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். இன்னும் கட்டில் சட்டத்தில் ஊன்றியிருந்த விரலைப் பார்த்தாள். அவள் வாய் மூடிக்கொண்டது. அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. அழவில்லை. போனில் எஞ்சின் மட்டும் ஓடியது. பிறகு மழை மட்டும். பிறகு மழைகூட இல்லை.

திரையில் வண்டி ஓரத்துக்குப் போய், பாதியாகி, போய்விட்டது.

அவன் மூச்சு விட்டான். மழை வெறித்திருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்பானர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தான். எவனோடவோ வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொல்லலாம். ஊர் நம்பும். அவனே பாதி நம்பினான். தாகமாக இருந்தது. செம்பு கைக்கு எட்டவில்லை. தினமும் அவள்தான் எட்டுகிற தூரத்தில் வைப்பாள்.

திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சாம்பல் கூரை வீட்டு வாசலில் யாரோ நின்றார்கள்.

சின்ன உருவம். ஒரு கால் மற்றதைவிட மெலிவு. கை தூக்கியிருந்தது.

மேல் ஓரத்தில், வெள்ளையிலிருந்து, ஒரு கோடு முளைத்தது. யார் விரலும் இல்லை. கோடு வளைந்தது. தெருவுக்குள் வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு திருப்பமாக, தினமும் சாயங்காலம் அவள் ஒப்பிக்கிற அதே வரிசையில். அவன் திரையைக் கையால் பொத்தினான். கோடு அவன் உள்ளங்கைக்கு அடியில் ஊர்ந்தது. சூடாக. போனைச் சுவரில் அடித்தான். கண்ணாடி சிதறியது. கோடு நிற்கவில்லை.

தூரத்தில் கிறீச்சு.

கொல்லைப் பக்கம் போய்விட வேண்டும். ஊன்றுகோலைத் தேடினான். வலது கை வரவில்லை. பார்த்தான். அது தலைக்கு மேல் இருந்தது. எப்போது தூக்கினான்? இறக்கினான். இறங்கவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தான். முழங்கை விறகுக்கட்டை மாதிரி நின்றது.

கட்டிலிலிருந்து ஒரு கால் இறங்கித் தரையில் ஊன்றியது.

செத்த கால்.

அது நடந்தது. அவன் அதன் பின்னால் போனான். செம்பைத் தாண்டி, ஊன்றுகோலைத் தாண்டி, வாசல்வரை. கை தூக்கியபடி. அங்கே வந்து கால் நின்றது.

வண்டி வந்தது. பிரேக் உரசி, சரியாக அவன் முன்னால் நின்றது. முன்கதவு திறந்தது. அவள் இறங்கினாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். நனைந்த புடவையில் நிறமே இல்லை. முகத்தில் இல்லை. கையில் இல்லை. பீடிச் சாம்பல். வண்டியைச் சுற்றி வந்தாள், தினமும் வருகிற மாதிரி. அவனைக் கண்டாள். அவனைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கூப்பிட வாய் திறந்தான். நாக்கு அசையவில்லை.

பின்கதவை வெளியிலிருந்து திறந்தாள். அணைந்த அடுப்பின் வாடை அவன் முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. சீட்டின் நடுவில் பள்ளம்.

“எங்க போகணும்?” என்றாள்.

பதிலுக்கு அவள் காத்திருந்தாள், யாரோ ஒரு சவாரியிடம் காத்திருப்பதுபோல. உள்ளே ஸ்பிரிங் முனகியது. பள்ளம் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்து, இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டது.